எங்கள் களத்தில் ஒரு பேஸ்

என் தாய்மாமா பட்டாளத்தை விட்டு அனுமந்தன்பட்டிக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, இரண்டு கம்பளி, ஒரு வரலாறு. பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கம்பளிக்கு எங்கள் ஊர் வெயிலில் வேலையே இல்லை. அம்மா அதை மடித்து நெல் மூட்டைகளுக்கு மேல் போட்டுவிட்டாள். வரலாற்றுக்குத்தான் வீட்டில் இடம் போதவில்லை.

அது ஒரு ஹெலிகாப்டர் தளத்தின் வரலாறு. வடக்கே மலைமேல் போர் நடந்தபோது, பனிச் சிகரங்களுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில் அவசர அவசரமாக அமைத்த ராணுவத் தளம். போர் முடியும்வரை மாமா அங்கேதான் இருந்தார். இடத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவாம். அதனால் எப்போதும் "நம்ம பேஸ்" என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்கு அந்தச் சொல் வேறு மாதிரி விளங்கியது.

"அம்புட்டு நாளும் பேஸ்மட்டத்துலயே நின்னீகளா? மேல செவுரு எழுப்பலையா?"

"பேஸ்மட்டம் இல்லண்ணே. பேஸ்."

"அதத்தேன் கேக்குறேன். என்ன அளவு?"

மாமா கொஞ்சம் யோசித்து, "முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் இருக்கும்" என்றார்.

கொத்தனார் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். "யாத்தே, பெரிய வீடுதேன்" என்றார். அன்றிலிருந்து மாமாவைத் தெருவில் கண்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்.

வரலாறு தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நடக்கும். நானும், பெரியம்மாவின் மகன்கள் இருவரும், சித்தியின் நான்கு வயது மகனும் தவறாமல் கேட்போம். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த இடம் முதலில் ஒரு பார்லி வயல். அதன் சொந்தக்காரி தினமும் காலையில் வந்து பட்டாளத்தாரை அவள் பாஷையில் ஒரு மணி நேரம் திட்டுவாள். திட்டி முடித்ததும் மடியிலிருந்து உலர்ந்த பழங்களை எடுத்து ஆளுக்கு நாலு கொடுத்துவிட்டுப் போவாள். வயலைச் சமன் செய்த பிறகு, ஹெலிகாப்டர் இறங்கும் இடத்தைக் காட்டப் பெரிதாக ஒரு H போட வேண்டும். சுண்ணாம்பு இன்னும் வந்து சேரவில்லை. சமையல்காரர் இரண்டு மூட்டைக் கோதுமை மாவைக் கொட்டி H போட்டார். முதல் ஹெலிகாப்டர் இறங்கியது. இறக்கை சுற்றிய வேகத்தில் மாவு மொத்தமும் கிளம்பி, வரவேற்க நின்றிருந்த கர்னல் மேல் அப்பியது. குரலை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டார்களாம். அதற்குப் பிறகு மூன்று நாள் எவருக்கும் ரொட்டி கிடையாது.

பின்னர் சுண்ணாம்பு வந்தது. ஆனால் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகள், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் மிரண்டு ஓடி, சரியாக அந்த H மேலேயே போய் நின்றுகொண்டன. அவற்றை விரட்ட இரண்டு பேர். பைஜாமாவின் ஒரு காலை வெட்டிக் கம்பத்தில் கட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே இருப்பவருக்கு அது காட்டிக்கொடுக்கும். அப்புறம் ஓட்டை போட்ட இரும்புப் பலகைகள் லாரியில் வந்தன. அவற்றை விரித்து, எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி, மணல் மூட்டை போட்டு, தகரக் கொட்டகைக்குக் கூரை போட்டு முடித்ததும் மாமா, "அப்புறம் ஹெலிகாப்டர் வர ஆரம்பிச்சிருச்சு" என்பார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மறுநாள் மறுபடியும் பார்லி வயலில் இருந்து தொடங்கும்.

அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். பாடம் முடியாமல் மணி அடிப்பது அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"மாப்ள, எல்லாம் சரி. இதுல சண்டை எப்ப வரும்?"

"வரும் மச்சான். இன்னும் கொட்டகைக்கே கூரை போடல."

"நேத்தே போட்டாச்சே."

மாமா சிரித்துக்கொண்டார். மாடு கத்துகிறது என்று சொல்லி எழுந்து போனார். மாடு கத்தவில்லை.

அந்த வருடம் கோடையில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. பள்ளி விடுமுறை. அறுப்பு முடிந்து ஊர்ப் பொதுக் களம் காலியாகக் கிடந்தது. ஒரு மூலையில் பெரியம்மா வீட்டு வைக்கோல் படப்பு. இன்னொரு மூலையில் எங்கள் அம்மா பழைய சேலைகளை விரித்துக் கூழ்வத்தல் ஊற்றிக் காயப்போடுவாள். மற்றபடி வெட்டவெளி. அங்கே ஒரு பேஸ் அமைப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு எங்கள் வீட்டுத் தொட்டியில் கிடந்தது. சுண்ணாம்பு யார் வீட்டினுடையதோ அவர்தான் கமாண்டர். பெரியம்மாவின் மூத்த மகனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட என்றாலும், தொட்டி எங்களுடையது.

முதல் H கோணலாக வந்தது. ஒரு கால் நீண்டு, ஒரு கால் குட்டையாக, நொண்டி நாற்காலி போல இருந்தது. அந்த வழியாக வந்த மாமா நின்று பார்த்தார்.

"இது என்னது ஆத்தா?"

"பேஸ் மாமா."

"இத மேலருந்து பாத்தா எவனும் எறங்க மாட்டான். பயந்து திரும்பிப் போயிருவான்."

வீட்டுக்குப் போய்க் கயிறும் நாலு முளைக்குச்சியும் எடுத்துவந்தார். காலடியால் அளந்தார். கயிற்றை இழுத்துக் கட்டினார். இந்தக் கோடு இவ்வளவு, நடுக்கோடு இவ்வளவு, சுற்றி வட்டம் இவ்வளவு என்று சொல்லச் சொல்ல நாங்கள் சுண்ணாம்பை ஊற்றினோம். அன்றைக்கு மாமா மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை. பட்டாளத்துக் காக்கிக் கால்சட்டை ஒன்றின் காலை நான் அவரைக் கேட்காமலே வெட்டிக் கொண்டுவந்து மூங்கிலில் கட்டியபோதும் கோபப்படவில்லை. அதை எடுத்துப் பார்த்து, "அடி வாய இன்னும் கொஞ்சம் தைக்கணும், அப்பத்தேன் காத்துக்கு ஊதும்" என்று மட்டும் சொன்னார்.

மாமாவுக்கு அப்போதுதான் ஒரு பேங்க்கில் காவலர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. சேருவதற்கு முன் போலீஸ் ஸ்டேஷனில் நன்னடத்தைச் சான்று ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். அம்மா அதற்காக மாதாவுக்கு ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தாள். ஊருக்கு வந்து ஒரு வருடமாகியும் எந்த வேலையிலும் நிலைக்காத தம்பி. எங்கே எதைத் தூக்கிப்போட்டாலும் திடுக்கிட்டு எழுந்துவிடுகிற தம்பி. இந்த ஒரு தாள் கிடைத்துவிட்டால் போதும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் உத்தமபாளையத்தில் தேர்தல் கூட்டம். சென்னையிலிருந்து பெரிய தலைவர் ஒருவர் ஹெலிகாப்டரில் வருகிறார் என்று மூன்று நாளாக ஆட்டோவில் கத்திக்கொண்டு போனார்கள். தலைவரைப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் அவ்வளவு ஆசையில்லை. ஹெலிகாப்டரைப் பார்க்கத்தான் ஆசை. அன்று காலையில் நாலு லாரி நிறைய ஊரே கிளம்பிப் போனது. அப்பா போனார். கொத்தனார் குடும்பத்தோடு போனார். கூட்டத்தில் பிள்ளைகள் நசுங்கிவிடும் என்று எங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் ஒரு மணி நேரம் அழுதேன். பிறகு வேறு வேலை இல்லாமல் H-க்கு மறு பூச்சு பூசினேன்.

பதினோரு மணி இருக்கும். அம்மா வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் நெல் அறுக்கும் மெஷின் என்று நினைத்தோம். சத்தம் மேலே இருந்து வந்தது. உத்தமபாளையத்தைத் தாண்டி, ஊர்க் கோபுரத்தைத் தாண்டி, வெள்ளையும் நீலமுமாக ஒரு ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. காக்கிக் கால்சட்டையின் கால் நன்றாக ஊதிப் புடைத்து நின்றது. ஹெலிகாப்டர் அதைப் பார்த்தது மாதிரி மூக்கைத் திருப்பிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது.

"ஏலே, ஓடுங்கலே!" என்று அம்மா கத்தியது மட்டும் கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை, தெரியவும் இல்லை. பெரியம்மா வீட்டு வைக்கோல் படப்பு அப்படியே எழுந்து ஊருக்குள் நடந்து போனது. அம்மாவின் சேலைகள் வத்தலோடு பறந்தன. அரைகுறையாய்க் காய்ந்த வத்தல் எங்கள் முகத்திலெல்லாம் வந்து ஒட்டியது. நாங்கள் நாலு பேரும் வேப்பமரத்தின் தூரைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

தூசிக்குள் ஒரு ஆள் மட்டும் ஹெலிகாப்டரை நோக்கி ஓடுவது தெரிந்தது. மாமா. வீட்டில் படுத்திருந்தவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் உடம்போடு, முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தி ஓடினார். அப்படி ஓட வேண்டும் என்று எங்களுக்கு அவர் சொல்லித்தந்ததே இல்லை.

கதவு திறந்தது. தலைவர் இரண்டு கையையும் கூப்பி, முகம் நிறையச் சிரிப்போடு எழுந்து நின்றார். மாமா அவருடைய அக்குளில் கையைக் கொடுத்து வெளியே இழுத்து, ஒரே தூக்கில் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. வேப்பமர நிழலில், எங்களுக்கு மூன்றடி தள்ளி அவரை மல்லாக்கக் கிடத்தினார். காலை அமுக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சட்டையை இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன.

"எங்கன? எங்கன பட்டுச்சு?"

"யோவ்! யோவ், வேட்டி! வேட்டிய விடுய்யா!" என்றார் தலைவர்.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பயப்படாதீக" என்று அவர் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்ப ஓடினார். அடுத்து வாசலில் நின்றவர் கட்சியின் பெரிய புள்ளி, நல்ல கனத்த ஆள். தலைவரை இறக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இப்படித்தான் இறக்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். மாமா கிட்டே வந்ததும் அவராகவே கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவரையும் தூக்கிவந்து தலைவருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடத்தினார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தி மகன் கைதட்டினான்.

மாமா மூன்றாவது முறை ஓடினார். உள்ளே வேறு யாரும் இல்லை. முன்பக்கம் போய் ஹெலிகாப்டர் ஓட்டியின் கதவைத் தட்டி, "கித்னே? அவுர் கித்னே?" என்று கத்தினார். அது இந்தி என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். எத்தனை பேர், இன்னும் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். அது எனக்கு விளங்கியபோது நான் வளர்ந்து வேறு ஊரில் இருந்தேன்.

இறக்கை மெதுவாகச் சுற்றி நின்றது. ஓட்டி இறங்கினார். நரைத்த மீசை, வடக்கத்தி முகம். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கோயீ நஹி, கோயீ நஹி" என்று குழந்தைக்குச் சொல்வது மாதிரி மெல்லச் சொன்னார். யாரும் இல்லை என்று அர்த்தம். மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்தார். அப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார்.

கால் மணி நேரத்தில் களம் முழுக்கக் கார். போலீஸ் ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் குதித்தார். உத்தமபாளையம் மைதானத்தில் கட்சிக்காரர்கள் போட்டிருந்த அடையாளத்தை, ஹெலிகாப்டர் பார்க்க வந்த கூட்டம் மிதித்தே அழித்துவிட்டிருந்தது. அதில் எங்கள் ஊர் லாரி நாலும் சேர்த்தி.

"எவன்யா இங்கன H போட்டது?"

இப்படி ஒரு கேள்வி இனி என் வாழ்க்கையில் வராது என்று எனக்குத் தோன்றியது. கையை உயர்த்தினேன்.

"நான்தேன் சார். நான்தேன் கமாண்டர்."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், H-ஐப் பார்த்தார்.

"அளவெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

மாமா முன்னால் வந்தார். "நான்தான் சார் கயிறு பிடிச்சேன். பிள்ளைக வெளாட்டுக்கு."

"வெளாட்டா? தலைவரத் தூக்கிட்டு ஓடியிருக்க, சட்டையக் கிழிச்சிருக்க. எதுக்குய்யா தூக்குன?"

கோதுமை மாவிலிருந்து இரும்புப் பலகைவரை ஒன்று விடாமல் சொல்கிறவருக்கு, இதற்கு மட்டும் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. கைலியின் மடிப்பை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார். அம்மா, "சார், அவனுக்கு உங்ககிட்டதேன் சார் நல்லவன்னு தாள் வாங்கணும்" என்று அழுதேவிட்டாள்.

ஓட்டி நடந்து வந்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். கார்க்காரர் ஒருவர் பிறகு அம்மாவுக்கு அதைச் சொன்னார்: தானும் அந்த மலைகளில் பறந்தவன்தான், இவ்வளவு ஒழுங்காகப் போட்ட அடையாளத்தைப் பார்த்தால் எந்த ஓட்டியும் இறங்கத்தான் செய்வான், கேஸ் எழுதுவதானால் முதலில் தன் பெயரை எழுதுங்கள் என்றாராம். இன்ஸ்பெக்டர் தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவர் சட்டையில் ஒட்டியிருந்த வத்தலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை யோசனையோடு வாயில் போட்டு மென்றார். "உப்பு சரியா இருக்கு" என்றார். பிறகு கூட்டத்துக்கு நேரமாகிறது என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மேடையில் அவர் பேசியதை அப்பா வந்து சொன்னார். "அனுமந்தன்பட்டி மக்களின் அன்பைப் பாருங்கள். என் கால் தரையில் படக் கூடாது என்று தோளிலேயே சுமந்தார்கள்!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம். அதற்கு மேல் கேஸ் எழுத யாருக்கும் துணிவில்லை. மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டரே சான்றிதழை அனுப்பிவைத்தார். நன்னடத்தை உள்ளவர் என்பதோடு, நல்ல உடல் வலிமை உள்ளவர் என்றும் அதில் எழுதியிருந்தது. அம்மா மெழுகுவர்த்தியோடு மாதா கோயிலுக்கு ஓடினாள்.

ஊரில் பெரிய சோகம் லாரியில் போனவர்களுக்குத்தான். ஹெலிகாப்டரைப் பார்க்கப் போய், வெயிலில் நின்று, அதைக் கிட்டத்தில் பார்க்காமலே திரும்பி வந்தவர்கள் அவர்கள். கொத்தனார் எங்கள் அம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை.

எங்களுக்கோ புது விளையாட்டு கிடைத்துவிட்டது. சித்தி மகன்தான் தலைவர். அவனை H-இன் நடுவில் கும்பிட்டபடி நிறுத்துவோம். நாங்கள் மூன்று பேரும் குனிந்துகொண்டு ஓடி, "கித்னே! கித்னே!" என்று கத்தி, அவனைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் கிடத்துவோம். "எங்கன பட்டுச்சு?" என்று வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டுவோம். அவன் செத்தவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். நாலு நாள் இப்படியே விளையாடினோம்.

ஐந்தாம் நாள் மாமா களத்துப் பக்கம் வந்தார். எவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்று தெரியாது. நாங்கள் சித்தி மகனைக் கிடத்தியபோதுதான் அவரைக் கவனித்தேன். திரும்பிப் போனார். ஒரு வாளித் தண்ணீரும் தென்னை விளக்குமாறும் கொண்டுவந்து H-ஐத் தேய்க்க ஆரம்பித்தார். நான் வாளியைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன். அவர் என்னை நகர்த்தி நிறுத்திவிட்டு, வாய்க்காலுக்கும் களத்துக்குமாக இருபது நடையாவது நடந்து, வட்டம் உட்பட எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனார்.

மாமாவுக்குப் பொறாமை என்று பெரியம்மா மகன்களிடம் சொன்னேன். நம் பேஸுக்கு ஒரே நாளில் தலைவரே வந்துவிட்டார். இனி அவருடைய மாவுக் கதையை யார் கேட்பார்கள்? அவர்களும் யோசித்துப் பார்த்து, அதுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரம் நான் மாமாவோடு பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலையில் சேரப் புறப்பட்டார். பஸ் வரும்வரை நானும் அம்மாவும் நிறுத்தத்தில் நின்றோம்.

"கோவமா ஆத்தா?" என்றார்.

"உங்க பேஸ விட எங்க பேஸ்தேன் பெருசு" என்றேன்.

மாமா உடனே தலையாட்டினார். "ஆமாத்தா. உங்க பேஸ்தேன் நல்ல பேஸ். வந்தவுக அம்புட்டுப் பேரும் நடந்து போனாக."

"எங்க நடந்தாக? நீங்கதான தூக்கிட்டு வந்தீக?" என்று நான் திருத்தினேன்.

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். அவர் தோற்றுப்போனதை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்து, மிகுந்த பெருந்தன்மையோடு நான் அவரை மன்னித்துக் கை அசைத்தேன்.